காணத்தகுந்த ஆட்டக்காரர்

அமெரிக்க தேசத்தாருக்குப் பேஸ்பால் என்னும் பந்தாட்டத்தின்மேல் பெரும் பித்து உண்டு. இன்ன வீரர் மட்டையைத் தோளுக்கு உயர்த்தி நிற்கும் நிலையைக் காண்பதற்காகவே மைதானம் சென்றோம் என்று சொல்லும் ரசிகர்கள் அங்கே பலர். நமக்கு அவ்வாட்டம் அயலானதாயினும் அந்த ஆசை அயலானதன்று. 1932ஆம் ஆண்டில் டான் பிராட்மன் நியூயார்க் நகரில் பேப் ரூத் என்னும் பேஸ்பால் வீரரைக் கண்டு அளவளாவினார். ஆட்டம் வேறாயினும் பந்தடிப்போர் இருவருக்கும் பேசப் பொருளுக்குக் குறைவிருந்திராது.

குரோம்பேட்டையில் ரயிலேறிச் சேப்பாக்கம் செல்லும் நம் மாணவ நண்பர்கள் திரும்பி வந்ததும் நாம் கேட்பது ஒன்றே: “யாருடைய ஆட்டத்தைக் கண்டீர்கள்?” அவர்களோ, “இத்தனை ரன்” என்று விடையளிக்கின்றனர். அக்கணக்கைக் கைப்பேசியே சொல்லிவிடுமே! அதற்காக வெயிலில் அமர வேண்டுவதில்லை. பார்க்கத் தகுந்த ஆட்டக்காரர் வேறு, மிகுதியாக ரன் எடுப்பவர் வேறு என்பதே நம் அபிப்பிராயம். இருவரும் ஒருவராயிருக்கும் நாள் பாக்கியமான நாள்.

முதலிடம் எவருக்கு என்று வினவின், குண்டப்பா விசுவநாத்துக்கே என்போம். உயரத்தால் அவர் சிறியவர். 1975 ஜனவரியில் சேப்பாக்கத்தில் மேற்கிந்தியத் தீவினரை எதிர்த்து நம்மவர் முதல் ஆட்டத்தில் எடுத்தது 190 மாத்திரமே. ஆண்டி ராபர்ட்ஸ் ஏழு விக்கெட்டுகளை வீழ்த்தினார். அவற்றினிடையே விசுவநாத் ஆட்டமிழக்காமல் எடுத்தவை 97. கடைசி ஆட்டக்காரர் சந்திரசேகரும் வீழ்ந்துவிட்டபடியால் நூறு கைகூடவில்லை. ஆயினும் அதன்பின் எத்தனையோ பேர் அம்மைதானத்தில் நூறும் இருநூறும் எடுத்திருக்க, நம் கலாசாலையின் பழைய மாணவர்கள் கூடுமிடத்தில் இன்றும் பேச்சுக்கு வருவது அந்தத் தொண்ணூற்றேழுதான். பந்து தம்மைக் கடந்து செல்லும் வரை பொறுத்திருந்து, மணிக்கட்டை மெல்லத் திருப்பி, அதனைப் பின்புறமாக அனுப்பும் அவருடைய வெட்டடியில் பலத்தின் அடையாளமே தோன்றாது. இந்தியக் கட்சி 100 ரன் வித்தியாசத்தில் வென்றது என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறோம். அது நேராதிருப்பினும் நம் தீர்ப்பு மாறாது.

சச்சின் டெண்டுல்கரிடம் நாம் கண்டு களித்தது முன்னேற்பாடு. 1998 மார்ச்சில் ஷேன் வார்ன் அவரை முதல் ஆட்டத்தில் 4 ரன்னுக்கு வெளியேற்றினார். வார்ன் காலடிகளால் கரடான தரையில் பந்தை விழச்செய்து கால்புறமிருந்து திருப்புவார் என்பதை முன்னறிந்த டெண்டுல்கர், சென்னையைச் சேர்ந்த லட்சுமண் சிவராமகிருஷ்ணனை அவ்வாறே பந்தெறியச் சொல்லிப் பழகியிருந்தார். இரண்டாம் ஆட்டத்தில் அப்பயிற்சி பலித்தது. இறங்கி வந்து கால்புறமாக அவர் அடித்த அடிகளோடு ஆட்டமிழக்காமல் 155 சேர்ந்தது. மறு ஆண்டு ஜனவரியில் பாகிஸ்தானை எதிர்த்து, முதுகு வலியோடு 136 எடுத்து, வெற்றிக்கு 17 ரன் இருக்கையில் அவர் வீழ்ந்தார். நம்மவர் 12 ரன்னில் தோற்றனர். தோற்ற துயரத்திலும் சேப்பாக்கத்து மக்கள் எழுந்து நின்று பாகிஸ்தான் வீரருக்குக் கைதட்டினர். அம்மக்களே 1997 மே மாதத்தில் சயீத் அன்வர் நம்மை எதிர்த்து 194 அடித்தபோதும் கைதட்டியவர்கள். ஆட்டத்தைப் பார்க்கத் தெரிந்தவர்கள் என்று அவர்களைச் சொல்வதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

2008இல் 304 பந்துகளில் 319 எடுத்த வீரேந்திர சேவாக்கைப் பற்றி நாம் அதிகம் சொல்லப்போவதில்லை; அவரைக் கண்டு மகிழக் கண்ணிருந்தால் போதும். நம்மூர் ஸ்ரீகாந்தோ, பந்தெறிபவர் ஓடிவருமுன்னரே பார்ப்போர் நெஞ்சைப் படபடக்கச் செய்பவர். 1983 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில், ஒரு முழங்காலைத் தரையிலூன்றி ராபர்ட்ஸின் பந்தைப் பக்கவாட்டில் எல்லைக்கு அனுப்பிய அவ்வொரு அடிக்காக அவர் செய்த அவசரங்களையெல்லாம் மன்னித்துவிடலாம்.

2024 ஜூன் மாதத்தில் அதே மைதானத்தில் தென்னாப்பிரிக்கப் பெண்களை எதிர்த்து ஷஃபாலி வர்மாவும் ஸ்மிருதி மந்தானாவும் தொடக்கத்தில் இணைந்து 292 ரன் எடுத்தனர். ஷஃபாலி 205, மந்தானா 149. இடக்கையால் ஆடும் மந்தானா பந்தை வழிகாட்டி அனுப்புபவர். ஷஃபாலி அதனை அதட்டி அனுப்புபவர். இருவரையும் எதிரெதிர் முனையில் ஒரே வேளையில் காண்பது அரிய காட்சி. இதனைக் கேட்ட நம் மாணவிகள் மாலையில் ஆடுவதற்கு மைதானம் கேட்டால், வாரத்தில் இரண்டு நாளாவது அதனை விட்டுக்கொடுப்பது முறையாகும்.

இத்தனையும் நாம் எழுதியதற்குக் காரணமுண்டு. கலாசாலைக் கட்சிக்கு ஆட்களைத் தேர்ந்தெடுக்குங்கால் முந்திய ஆண்டின் ரன் கணக்கை மாத்திரம் நோக்கும் வழக்கம் எங்கும் பரவியிருக்கிறது. சிறு மைதானத்தில் ரப்பர் பந்தைத் தூக்கியடித்துச் சேர்த்த கணக்கு கெட்டிப் பந்துக்கு முன் நிற்குமா என்பதை அக்கணக்கு சொல்லாது. வரும் ஆண்டில் தேர்வு செய்யும் ஆசிரியர்கள் புத்தகத்தை மூடிவைத்து, இரண்டு மணி நேரம் மரநிழலில் அமர்ந்து, பந்து வந்து சேருமுன் பையனுடைய கால் எங்கே செல்கிறது, தலை அசைகிறதா என்று பார்ப்பார்களாக. அவ்விதம் தெரிந்தெடுத்த பிள்ளை முதல் ஆட்டத்தில் ஒரு ரன்னும் எடுக்காமல் திரும்பக்கூடும். இரண்டாவது ஆட்டத்தையும் அவனுக்கே கொடுக்கும்படி இப்போதே கேட்டுக்கொள்கிறோம்.