குளிரும் தடாகம், உவராகும் கிணறு

கனடாவில் வாழும் நண்பர் ஒருவர் சென்ற வாரம் மின்னஞ்சல் எழுதியிருந்தார். மன்னார்த் தீவில், தந்தைவழிக் காணியில் விடுமுறை வீடொன்று எழுப்புகிறாராம். பின்வளவில் நீச்சல் தடாகமும் உண்டாம். வைகாசி வெயிலில் நீர் வெந்நீராகிவிடுமே, இரவில் நீரூற்றுப் பம்பியை ஓடவிட்டுக் குளிர்விக்கலாமா என்பது அவர் கேள்வி.

குளிர்விக்கலாம். அந்தக் குளிர்ச்சிக்கு யார் விலை கொடுப்பது என்பதுதான் என் கேள்வி.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 8 மீற்றர் நீளம், 4 மீற்றர் அகலம், சராசரி 1.25 மீற்றர் ஆழமுள்ள தடாகத்தில் 40,000 லீற்றர் நீர் நிற்கும். ஆவியாதல் மூலம் அதன் வெப்பநிலையை 3 பாகை குறைக்க, ஏறத்தாழ 200 லீற்றர் நீர் ஆவியாக வேண்டும். மறுநாள் வெயில் அந்த 3 பாகையை மீண்டும் ஏற்றிவிடும். இரவு மறுபடியும் 200 லீற்றர். நீரூற்றின் வித்தை இவ்வளவே: நீரைக் காற்றுக்குத் தின்னக் கொடுத்து வெப்பத்தைக் கழிப்பது. 2020இல் தீவின் தென்கரையில் 30 கோபுரங்களோடு தம்பபவனி காற்றாலையைச் சும்மா நிறுவவில்லை. சோளகம் அங்கே அப்படி வீசும். மழையோ பெரும்பாலும் ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரைதான்.

அந்த மழை விட்டுச்செல்லும் நன்னீர், மணலுக்கடியில் உப்புநீரின்மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே நிற்கும் நன்னீர் 1 சென்ரிமீற்றர் தாழ்ந்தால், கீழே உப்புநீர் காலப்போக்கில் சுமார் 40 சென்ரிமீற்றர் மேலேறும் என்பது நிலத்தடி நீரியலின் பழைய விதி. மன்னார் நகரின் குழாய்களுக்கே பெருநிலப்பரப்பில், முருங்கன் பக்கத்திலிருந்துதான் நீர் கொண்டுவர வேண்டியிருக்கிறது.

"என் காணி, என் கிணறு" என்பார் நண்பர். காணிக்கு வேலி உண்டு. நிலத்தடி நீருக்கு எங்கே வேலி? அவருடைய பம்பி இரவெல்லாம் இழுத்தால், அடுத்த வளவில் இருப்பவர் காலையில் உவர்நீரில் சோறாக்குவார். நண்பரோ ஆவணி பிறக்குமுன் விமானம் ஏறிவிடுவார். ஒருவருடைய தடாகம் மட்டும் தீவை வற்றச் செய்துவிடாது என்பது உண்மை. ஆனால் தாமும் ஒருவர்தானே என்று எண்ணும் எத்தனை பேர் இன்று கரையோரத்தில் காணி பார்க்கிறார்கள்?

நம் முன்னோருக்கு இந்தக் கணக்குத் தெரிந்திருந்தது. வரண்ட வலயக் கிராமக் குளங்களின் மேற்புறத்தில் மரங்களை அடர்த்தியாக விட்டுவைத்தார்கள். சிங்களத்தில் அதைக் கஸ்கொம்மன என்பர். காற்றைத் தடுத்து நீர் ஆவியாவதைக் குறைப்பது அதன் வேலை. அந்தக் குளத்தொடர் முறையை உலக மரபுச் செல்வமாக ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் ஏற்றது 2017இல்.

தடாகம் வேண்டியே ஆகவேண்டுமென்றால் சிறிதாக வெட்டி, கிடுகுப் பந்தல் போட்டு, காற்று வரும் பக்கம் உயிர்வேலி வளருங்கள். பம்பியை மறந்துவிடுங்கள். இத்தனைக்கும் தீவின் எந்த வளவிலிருந்தும் சில கிலோமீற்றருக்குள் கடல் இருக்கிறது. வைகாசியில் அதுவும் சூடாகத்தான் இருக்கும். வெயில் தாழ்ந்தபின் இறங்கலாம்.