இணைப்பா? விழுங்கலா?

1976 மார்ச் 6. கிழக்கு ஜெர்மனியின் கார்ல் மார்க்ஸ் நகரம். ஆட்டம் முடியும் வேளை. எஞ்சியிருப்பது ஒரே ஓர் எறி. 7 மீட்டர்க் கோட்டில் பந்தோடு நிற்பவர் கிழக்கு ஜெர்மனியின் ஹான்ஸ் எங்கெல். எதிரே கோலைக் காத்து நிற்பவர் மேற்கு ஜெர்மனியின் மான்பிரட் ஹோப்மன். பந்து உள்ளே புகுந்தால் மாண்ட்ரியல் ஒலிம்பிக்குக்குக் கிழக்கு செல்லும். தடுக்கப்பட்டால் மேற்கு செல்லும். எறிந்தார் எங்கெல். தடுத்துவிட்டார் ஹோப்மன்! அன்றைய ஆட்டத்தில் வென்றது கிழக்கு. ஆயினும், கோல் கணக்கின்படி மாண்ட்ரியல் சென்றது மேற்கு.

எறிந்தவர் பேசியதும் ஜெர்மன் மொழி. தடுத்தவர் பேசியதும் ஜெர்மன் மொழி. இடையே நின்றவை முள்வேலி, மதில், இரு கொடிகள், இரு கொற்றங்கள்!

1989 நவம்பரில் பெர்லின் மதில் வீழ்ந்தது. 1990 அக்டோபர் 3 அன்று இரு நாடும் ஒரு நாடாயின. சொந்த மக்களையே சிறைவைத்த மதில் வீழ்ந்ததற்காக வருந்துவோர் எவரும் இலர். ஆனால், இணைந்த முறை எத்தகையது என்று கேட்கும் உரிமை அறிவுடையோர் அனைவர்க்கும் உண்டு. தோளோடு தோள் சேர்வதும் இணைப்புத்தான். பெரிய மீனின் வயிற்றுக்குள் சிறிய மீன் சென்று சேர்வதும் ஒருவகை இணைப்புத்தான்! ஜெர்மனியில் நடந்தது எது?

விடை காணத் தடித்த அரசியல் ஏடுகளைப் புரட்ட வேண்டுவதில்லை. அந்நாட்டின் ஆடவர் ஹேண்ட்பால் முதற்பிரிவுப் போட்டியாகிய புந்தஸ்லீகாவின் வரலாற்றைப் பார்த்தாலே போதும்.

ஹேண்ட்பால் என்பது வலை கட்டி ஆடும் வாலிபால் அன்று. அணிக்கு 7 பேர். 40 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் கொண்ட களம். பந்தைக் கையால் ஏந்தி, தட்டி, எறிந்து கோல் போடும் விறுவிறுப்பான ஆட்டம். மேற்கு ஜெர்மனியில் 1966-ல் இரு தொகுதிகளாகத் தொடங்கிய புந்தஸ்லீகா, 1977 முதல் ஒரே தொகுதியாயிற்று. பெருநகரங்களின் தனிச்சொத்தாக அஃது இருந்ததில்லை. கும்மர்ஸ்பாக் என்னும் சிறு தொழில் நகரம் 12 முறை ஜெர்மன் பட்டம் வென்றது. ஐரோப்பியக் கோப்பையை 5 முறை வென்றது. குரோஸ்வால்ஸ்டாட் என்னும் சிற்றூர் 1979-லும் 1980-லும் ஐரோப்பாவையே வென்றது.

கிழக்கு மட்டும் சோடையா? மேற்கின் மக்கள் தொகையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே கொண்ட அந்நாட்டின் கழகங்கள், 1966-ல் லைப்சிக், 1975-ல் ஓடர் ஆற்றங்கரைப் பிராங்க்பர்ட், 1978-லும் 1981-லும் மாக்டெபர்க் என நான்கு முறை அதே ஐரோப்பியக் கோப்பையை ஏந்தின. 1978-ல் மேற்கு உலகப் பட்டம் வென்றது. 1980-ல் மாஸ்கோவில் கிழக்கு ஒலிம்பிக் தங்கம் வென்றது. இரு பக்கமும் ஆற்றல் இருந்தது; இரு பக்கமும் பெருமை இருந்தது.

பின் நேர்ந்தது என்ன? மேற்கின் அடிப்படைச் சட்டத்தில் இரு வழிகள் இருந்தன. 146-ஆம் விதி, மக்கள் தாமே கூடிப் புதிய அரசியல் சட்டம் வகுக்கும் வழி. 23-ஆம் விதி, இருக்கும் சட்டத்துக்குள் வந்து சேரும் வழி. தேர்ந்தது இரண்டாவது வழியை. மேற்கு இருந்தபடி இருந்தது. மாற வேண்டியது கிழக்கு மட்டுமே! ஆடுகளத்திலும் அதே கதை. 1991-ல் கிழக்கின் தனிப் போட்டி முடிவுற்றது. கிழக்குக் கழகங்கள் சில, முன்னரே அமைந்த புந்தஸ்லீகாவுக்குள் வந்து சேர்ந்தன.

வந்தவை வெறுங்கையோடு வந்தன. அங்கே கழகத்துக்குச் சோறிட்டவை ஆலைகளும் அரசு நிறுவனங்களும்; ஆட்டக்காரரை ஆக்கித் தந்தவை விளையாட்டுப் பள்ளிகள். சுமார் 8,500 தொழில் நிறுவனங்களும், அவற்றில் உழைத்த ஏறத்தாழ 40 இலட்சம் மக்களும் டிராய்ஹாண்ட் என்னும் விற்பனை அமைப்பின் கையில் ஒப்படைக்கப்பட்டனர். விற்றவை பல; மூடியவை பல. மாக்டெபர்க்கின் மாபெரும் கனரக இயந்திர ஆலை 1996-ல் நொடித்தது. லைப்சிக் கழகம் தன் பெயரிலேயே தாங்கி நின்ற உடற்பயிற்சிக் கல்லூரியை மூட 1990-லேயே முடிவாயிற்று. அடுப்பை அணைத்துவிட்டு, “பந்தியில் வந்து சமமாக உட்கார்!” என்றால், இலையில் விழுவது என்ன? இளைஞர் மேற்கே பெயர்ந்தனர், ஆட்டக்காரரும் பெயர்ந்தனர்.

விளைவைக் காணுங்கள். லைப்சிக்கின் அந்தப் பழம்பெயரைத் தாங்கிய அணி முதற்பிரிவுக்கு ஏறியது 2015-ல்! 2024-25 பருவத்தில் 18 அணிகளுள் பழைய கிழக்கு ஜெர்மனி மண்ணைச் சேர்ந்தவை மாக்டெபர்க், லைப்சிக், ஐசனாக், பாட்ஸ்டாம் என நான்கே. அவற்றுள் பாட்ஸ்டாம் கடைசி இடம் பெற்று இறங்கியது. ஐரோப்பியக் கோப்பை வென்ற பிராங்க்பர்ட் அந்த அட்டவணையில் இல்லை; 1979-ல் இறுதிப் போட்டி வரை சென்ற ராஸ்டாக்கும் இல்லை.

மறுத்துரைப்போர் உண்டு. கிழக்கின் பதக்கங்கள் ஊக்க மருந்தால் விளைந்தவை என்பர். அக்குற்றத்தை மறைக்க நாம் வரவில்லை. 1974 முதல் அரசே திட்டமிட்டு அக்கொடுமையைப் புரிந்தது. விளையாட்டுத் துறைத் தலைவராயிருந்த மான்பிரட் எவால்ட் 2000-ல் நீதிமன்றத்தில் தண்டனை பெற்றார். நச்சைக் கொடுத்தவரைத் தண்டிப்பது நீதி. ஆனால், ஆலையும் பள்ளியும் கல்லூரியும் செய்த குற்றம் யாது? மூட்டைப் பூச்சிக்கு அஞ்சி வீட்டைக் கொளுத்துவதா?

“மாக்டெபர்க் வெல்லவில்லையா? திறமை இருந்தால் வழி திறக்கும்” என்றும் சொல்வர். வென்றது உண்மை. 2001-ல் ஒன்றுபட்ட ஜெர்மனியின் பட்டத்தை வென்ற முதல் கிழக்குக் கழகம் அதுவே. 2002-ல் ஐரோப்பிய சாம்பியன் லீக்கை வென்ற முதல் ஜெர்மன் கழகமும் அதுவே. ஐஸ்லாந்திலிருந்து வந்த பயிற்சியாளர் அல்பிரட் கிஸ்லாசன் வழிநடத்தினார். லைப்சிக்கில் பிறந்து, மேற்கே கும்மர்ஸ்பாக்கில் ஆடி, மீண்டும் கிழக்கு நோக்கி வந்த ஸ்டெபான் கிரெட்ஷ்மர் களத்தில் நின்றார். பின் 2022-லும் 2024-லும் மீண்டும் பட்டம்! அவ்வெற்றிகளுக்குத் தலைமை தாங்கிய பயிற்சியாளர் பென்னட் வீகர்ட், அந்நகரிலேயே பிறந்தவர். 1980-ல் ஒலிம்பிக் தங்கம் வென்ற இங்கோல்ப் வீகர்ட்டின் மகன்.

இதில் பாடம் எது? வேர் அறாத இடத்தில் மரம் தழைத்தது என்பதே. தந்தை கற்ற கலை மகனுக்குக் கிட்டியது. ஊர் தன் கழகத்தைக் கைவிடவில்லை. ஒரு மாக்டெபர்க்கைக் காட்டி மற்ற ஊர்களின் இழப்பை மறைப்பது, கரையேறிய ஒருவனைக் காட்டி வெள்ளமே வரவில்லை என்று சாதிப்பதற்கு ஒப்பாகும்!

2025 ஜூன் 15. கொலோன் நகரில் ஐரோப்பிய சாம்பியன் லீக் இறுதிப் போட்டி. ஒருபுறம் மாக்டெபர்க்; மறுபுறம், பழைய மேற்கு பெர்லினில் பிறந்து, அவ்வாண்டு முதன்முறையாக ஜெர்மன் பட்டம் வென்ற பெர்லின் நரிகள் அணி. 32-26 என்று வென்றது மாக்டெபர்க். மீண்டும் கிழக்கும் மேற்கும் மோதின. இம்முறை முள்வேலி இல்லை, இரு கொடிகள் இல்லை. அஃது அழகிய காட்சி. அதை நாம் போற்றுகிறோம்.

அக்காட்சி ஒரு நகரத்தின் பேறாக நின்றுவிடலாகாது என்பதே நம் கவலை. ஒரே கொடி, ஒரே சட்டம், ஒரே அட்டவணை என்று எழுதிவிடுவது எளிது. ஒரு நாளில் எழுதிவிடலாம். வந்து சேர்ந்தவன் வளர்த்த பள்ளியையும் ஆலையையும் பெருமையையும் காப்பது கடினம். அதற்குத் தலைமுறைகள் வேண்டும். எளியதைச் செய்துவிட்டு ஒற்றுமை பிறந்துவிட்டது என்று முரசறைவோர், எந்நாட்டவராயினும், ஒன்றை உணர்தல் வேண்டும்: சமத்துவம் உள்ள இடத்தில்தான் இணைப்பு, அஃது இல்லாத இடத்தில் விழுங்கல்!