உட்கார ஒரு ஸ்டூல்

தி.நகர் ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றே புடவை விரித்துக் காட்டினால் என்ன ஆகும்? கால் வீக்கம், முதுகுவலி, நரம்பு சுருட்டல்! உடம்புக்கு ஏற்ப வேலையை அமை என்பதுதான் எர்கனாமிக்ஸ்.

கேரளா 2018-ல் கடை ஊழியர்களுக்கு உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது. தமிழ்நாடு 2021-ல் தன் 1947-ம் வருடக் கடைகள் சட்டத்தைத் திருத்தி இருக்கையைக் கட்டாயமாக்கியது.

முதலாளிக்கும் இது லாபக் கணக்குதான். ஸ்டூல் ஒருமுறைச் செலவு. வலி தாங்காமல் நின்றுபோகும் ஆளுக்குப் பதில் புது ஆளைப் பழக்குவது திரும்பத் திரும்ப வரும் செலவு.

ஆனால், உட்கார்ந்தால் சூப்பர்வைசர் முறைத்தால் ஸ்டூல் வெறும் அலங்காரம்தான். வாடிக்கையாளருக்கும் இதில் பங்கு உண்டு. அடுத்த தீபாவளிக்குப் புடவை எடுக்கப் போகும்போது, விற்கும் பெண் உட்கார்ந்திருந்தால் அதை மரியாதைக் குறைவாக நினைக்காதீர்கள். கொஞ்சம் உட்காரட்டுமே!