ஜாடியைப் பார்த்து வீரனைக் குறை சொல்லாதீர்கள்

மாலை நடையில் கூட வரும் நண்பர் கைபேசியில் ஒரு பழைய கிரேக்க ஜாடியின் படத்தைக் காட்டினார். இரண்டு குத்துச்சண்டைக்காரர்கள். "பாருங்க முசியே, நெஞ்சை முழுசா திறந்து வெச்சுக்கிட்டு, காக்கா விரட்டுறவன் மாதிரி கையத் தூக்கிட்டு நிக்கிறான். வயித்துல ஒரு குத்து விட்டா தீர்ந்தது" என்று சிரித்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

பிரெஞ்சுப் பள்ளியில் என் வரலாற்றுப் புத்தகத்திலும் இப்படி ஒரு படம் இருந்தது. கிரேக்க அழகு என்று ஒரு வரி சொல்லி ஆசிரியர் பக்கத்தைத் திருப்பிவிட்டார். அவரும் சரியாகப் பார்க்கவில்லை, நண்பரும் பார்க்கவில்லை.

ஆயுள் முழுக்க அரசாங்கப் படிவம் நிரப்பியவன் சொல்கிறேன்: படிவத்தில் கட்டம் இல்லாததற்கு எழுத்தர் மேல் பழி போடக்கூடாது. கி.மு. 6ஆம் நூற்றாண்டு ஓவியனுக்கும் ஒரு படிவம் இருந்தது. முகமும் காலும் பக்கவாட்டில், மார்பு மட்டும் நேராக. நெஞ்சைத் திறந்து வைத்தவன் அந்த ஓவியன்தான்.

மற்றதைப் பாருங்கள். இடக்கை முன்னே நீண்டு எதிரியை எட்ட நிறுத்துகிறது. வலக்கை பின்வாங்கித் தயாராக இருக்கிறது. பல ஜாடிகளில் பின்காலின் குதிகால் தரையைவிட்டு எழும்பியிருக்கும். குத்தின் பலம் தோளில் பிறப்பதில்லை. பாதம் தரையை உதைத்து, இடுப்பு திரும்பி, அப்புறம்தான் முஷ்டிக்கு வருகிறது. சண்டையைக் கிட்ட நின்று பார்க்காதவன் அந்தக் குதிகாலை வரைவானா? பிரிட்டிஷ் மியூசியத்தில் ஒரு கிண்ணம் இருக்கிறது. அதில் ஒருவன் எதிரியின் கண்ணில் விரலை விடுகிறான், நடுவர் கோலை ஓங்கிக்கொண்டு வருகிறார். தப்பாட்டத்தைக்கூட விடாமல் பதிவு செய்திருக்கிறார்கள்!

சரி, கை ஏன் அவ்வளவு உயரத்தில்? அடி விழுந்தது தலையில். சுற்றுகள் கிடையாது, எடைப் பிரிவு கிடையாது. ஒருவன் எழ முடியாமல் விழும்வரை, அல்லது விரலைத் தூக்கித் தோல்வியை ஒப்புக்கொள்ளும்வரை சண்டை. 1885இல் ரோமில் தோண்டியெடுத்த வெண்கலக் குத்துச்சண்டை வீரனே சாட்சி. கைகளில் தோல்வாரோடு உட்கார்ந்திருக்கிறான். உடைந்த மூக்கு, வீங்கித் தடித்த காதுகள். முகத்து வெட்டுகளில் செம்பு பதித்திருக்கிறார்கள். வலது கையிலும் தொடையிலும் செம்புச் சொட்டுகள். தலையை அந்தப் பக்கம் திருப்பியபோது சிந்திய ரத்தம். என் ஆசிரியர் இவனைப் பார்த்திருந்தால் அழகு என்று சொல்லியிருப்பாரா?

நேற்று அந்தப் படத்தை நண்பரிடம் காட்டினேன். காதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். "அப்ப வயித்துல அடிக்கக் கூடாதுன்னு சட்டமா?" என்றார். அப்படி அடிப்பவனை எந்த ஜாடியிலாவது கண்டுபிடித்துக் காட்டுங்கள், அப்புறம் பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன்.