பழி மட்டும் என் கணக்கில்

ஆதனக்கோட்டைப் பக்கம் முந்திரிக்கொட்டை வாங்கி உடைத்து விற்கும் ஒருவருக்கு 'ரிவர்ஸ் சார்ஜ்' என்றால் என்னவென்று விளக்கிப் பார்த்திருக்கிறீர்களா? நான் விளக்கிக்கொண்டே இருக்கிறேன். விவசாயி ஜிஎஸ்டி பதிவு எடுக்க வேண்டியதில்லை. அவரிடம் கொட்டை வாங்கும் வியாபாரி பதிவு பெற்றவர் என்றால், அந்த 5 சதவீத வரியை வாங்கியவரே கட்ட வேண்டும். கையில் இருக்கும் உள்ளீட்டு வரி வரவைக் கொண்டு நேர் செய்ய முடியாது, ரொக்கமாகத்தான் கட்ட வேண்டும். கட்டிய பிறகு அதையே வரவாக எடுத்துக்கொண்டு, பருப்பு விற்கும்போது கழித்துக்கொள்ளலாம். விவசாயி பில் தர மாட்டார், ஆகவே வியாபாரி தனக்குத் தானே பில் போட்டுக்கொள்ள வேண்டும். 2024 நவம்பரிலிருந்து அதற்கும் 30 நாள் கெடு. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொல்வார்: "இந்தக் கையால குடுத்து அந்தக் கையால வாங்குறதுக்கு நடுவுல எதுக்கு சார் உங்க ஆபீஸ்?"

பதில் இருக்கிறது. சொல்லி முடிப்பதற்குள் அவர் அடுத்த மூட்டையை உடைக்கப் போய்விடுவார்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை கணக்குப் போடுகிறவர்களுக்குத் தமிழ்நாட்டில் 22ஆம் தேதி கடைசி. 21ஆம் தேதி சாயங்காலம் மஞ்சப்பையில் பில்கள் வரும். பாதி மழையில் நனைந்தது, பாதி எழுத்தே அழிந்துபோன பில். தாமதமானால் நாளொன்றுக்கு 50 ரூபாய் அபராதம்; ஒன்றுமே விற்காத காலாண்டானாலும் நாளுக்கு 20 ரூபாய். வியாபாரிக்குச் சரக்குக் கொடுத்தவர் தன் கணக்கைப் போடாவிட்டால், வியாபாரியின் வரவுப் பட்டியலில் அந்தத் தொகை ஏறாது. யாரோ ஒருவர் திருச்சியில் உட்கார்ந்துகொண்டு கணக்குப் போடவில்லை என்பதற்கு நான் புதுக்கோட்டையில் பதில் சொல்ல வேண்டும். "ஆடிட்டர் விட்டுட்டார்" என்பதுதான் கடைசியில் ஊரில் நிற்கும் பேச்சு. நான் ஆடிட்டரே இல்லை. சி.ஏ. முடித்தவர்கள் வேறு, நான் பி.காம். படித்து ஜிஎஸ்டி பிராக்டீஷனர் தேர்வு எழுதி வந்தவன். கீழ ராஜ வீதிப் பக்கம் ஒரு மாடி அறை, இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், எப்போது வேண்டுமானாலும் போகும் கரண்ட். ஆனால் திட்டுகிறபோது மட்டும் அந்தப் பட்டம் முழு மரியாதையோடு வந்துவிடுகிறது.

ஜிஎஸ்டியாவது வியாபாரியின் தலைவலி என்று வைத்துக்கொள்ளலாம். வருமான வரியில் என் உயிரை வாங்குவது ஓடிபி.

கணக்கு முழுவதையும் நான் சரியாகப் போட்டு முடிக்கலாம். கடைசியில் ஆதாரோடு இணைந்த போனுக்கு ஆறு இலக்கம் வர வேண்டும். அந்தப் போன் எங்கே இருக்கிறது? அறந்தாங்கி, கோட்டைப்பட்டினம் பக்கத்துக் குடும்பங்களில் பாதி போன் சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கிறது. அப்பாவின் ஆதாருக்கு மகன் நம்பர். மகன் வெளிநாடு போய்ச் சிம்மை மாற்றி நாளாகிறது. பழைய நம்பர் இப்போது யாரிடமோ. ஒரு படகுக்காரர் ராத்திரியில் மகனுக்குப் போன் போட்டு, "டேய், ஒரு நம்பர் வந்துச்சா பாரு" என்று கத்தியதை மாடிப்படி வரை வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் கேட்டார்கள். அங்கே மகன் ஷிப்டில் இருக்கிறான், போனை உள்ளே கொண்டுபோக விடமாட்டார்களாம். ஆதாரில் நம்பரை மாற்றலாம். அதற்கு ஆதார் மையத்துக்கோ தபால் நிலையத்துக்கோ நேரில் போனால் கைரேகை வைக்க வேண்டும், 75 ரூபாய் கட்ட வேண்டும். முன்பு 50 ஆக இருந்தது, 2025 அக்டோபரில் ஏற்றிவிட்டார்கள். வலை இழுத்து இழுத்து ரேகை தேய்ந்த விரலை அந்த இயந்திரம் ஏற்றுக்கொள்ளுமா என்பது தனிக் கதை. முடியாதவர்கள் ஐடிஆர்-வி என்ற சரிபார்ப்புக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுப் பெங்களூருக்குத் தபாலில் அனுப்பலாம். முன்பு அதற்கு 120 நாள் அவகாசம் இருந்தது. 2022 ஆகஸ்டிலிருந்து 30 நாள். அதற்குள் போய்ச் சேராவிட்டால் தாமதத் தாக்கலாகிவிடும் என்று நான் சொன்னால், "தபால்காரர் தாமதத்துக்கு நான் என்ன தம்பி பண்ணுவேன்" என்பார்கள். நியாயமான கேள்வி. அதே கேள்வி எனக்கும் பொருந்தும் என்பது மட்டும் யாருக்கும் தோன்றாது.

அடுத்தது பெயர். நம் ஊரில் ஒருவருக்கு ஒரு பெயர், முன்னால் அப்பா பெயரின் ஓர் எழுத்து. பான் கார்டு விண்ணப்பமோ குடும்பப் பெயரைக் கட்டாயமாகக் கேட்கிறது, ஒற்றை எழுத்தை ஏற்பதில்லை. அதனால் அந்தக் காலத்தில் பூர்த்தி செய்துகொடுத்தவர் அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயராக்கி, மகளின் பெயரை அதற்கு முன்னாலோ பின்னாலோ போட்டு அனுப்பினார். ஆதாரில் வெறும் இன்ஷியல். இரண்டையும் இணைக்கப் போனால் பொருந்தவில்லை என்கிறது. 2022 ஜூலையிலிருந்து இணைப்புக்கு 1,000 ரூபாய் கட்டணம். 2023 ஜூலை 1 முதல் இணைக்காத பான் செயலிழந்தது. செயலிழந்தால் ரீபண்டு வராது, வங்கி வட்டியில் பிடிக்கிற வரியும் 20 சதவீதம் ஆகிவிடும். வரி கட்ட வேண்டிய வருமானமே இல்லாத ஆத்தா ஒருவர், நிலம் விற்ற பணத்தை டெபாசிட்டில் போட்டு வைத்திருக்கிறார். வட்டியில் பிடித்தது பிடித்ததுதான். "என் பேரு எங்கப்பன் வச்ச பேரு தம்பி, அதுல என்னா தப்பு?" என்கிறார். அந்த ஆயிரம் ரூபாயையும் நான்தான் வாங்கி வைத்துக்கொண்டேன் என்று அவருக்குச் சந்தேகம்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். நேர்மையாகத் தொழில் செய்கிறவன் வாடிக்கையாளரை இழக்கிறான் என்பதைத்தான் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. மாதச் சம்பளக்காரர்கள், முக்கியமாகப் படித்தவர்கள், வந்து உட்கார்ந்ததும் கேட்கும் முதல் கேள்வி: "எவ்ளோ ரீபண்டு வரும்?" ஃபார்ம் 16-இல் இருப்பதைத்தான் போட முடியும் என்பேன். "எங்க ஸ்டாப் ரூம்ல ஒருத்தருக்கு அறுபதாயிரம் வந்துச்சே!" எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். கொடுக்காத கட்சி நன்கொடை, வாங்காத கல்விக் கடன், கட்டாத மருத்துவக் காப்பீடு. வந்த பணத்தில் இத்தனை சதவீதம் என்று தரகருக்குக் கமிஷன். நான் கேட்பதோ ஒரு கணக்குக்குச் சில நூறு ரூபாய், அதற்கே, "கம்ப்யூட்டர்ல நாலு பட்டனைத் தட்டுறதுக்கா?"

2025 ஜூலை 14 அன்று வருமான வரித் துறை இப்படிப்பட்ட தரகர்களைக் குறிவைத்து நாடு முழுவதும் சோதனை நடத்தியது. அறிவிப்பில் தமிழ்நாட்டின் பெயரும் இருந்தது. வாடிக்கையாளருக்குத் தெரியாமல் தற்காலிக இமெயில் முகவரிகளை உருவாக்கிக் கூட்டமாகத் தாக்கல் செய்துவிட்டு, பிறகு அந்த முகவரிகளைக் கைவிட்டுவிடுவார்களாம். துறை அனுப்பும் நோட்டீஸ் எல்லாம் திறக்க ஆளில்லாத பெட்டியில் கிடக்கும். அதற்கு முந்தைய 4 மாதங்களில் சுமார் 40,000 பேர் தாங்களாகவே கணக்கைத் திருத்தி, 1,045 கோடி ரூபாய்க்கான பொய்க் கோரிக்கைகளைத் திரும்பப் பெற்றதாகவும் துறை சொன்னது. மகிழ்ச்சிதான். ஆனால் இந்தப் பொய்க் கணக்குகளின் விளைவு என் மேஜையில் எப்படி வந்தது தெரியுமா? அதே ஆண்டுப் படிவத்தில் பாலிசி எண், காப்பீட்டு நிறுவனத்தின் பெயர், கடன் கணக்கு எண் என்று ஒவ்வொரு கழிவுக்கும் விவரம் கேட்டார்கள். கேட்க வேண்டியதுதான். ஆனால் முன்பு அரை மணியில் முடிந்த கணக்கு அரை நாளாகிறது, கட்டணம் அப்படியே நிற்கிறது. தரகரிடம் போய்விட்டுத் திரும்பி வந்தவர்களோ, பொய்க் கணக்குக்கு வரியின் மேல் 200 சதவீதம் வரை அபராதம் உண்டு என்று தெரிந்ததும் என்னிடம் மெதுவாகச் சொல்கிறார்கள்: "சார், அந்த பாஸ்வேர்டு அவர்கிட்ட இருக்கு. நீங்க கொஞ்சம் பேசி வாங்கித் தர முடியுமா?"

ரகசியச் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. ஈ.ஆர்.ஐ. என்று துறையிடம் முறைப்படி பதிவு செய்துகொண்டு, வாடிக்கையாளரின் பாஸ்வேர்டு இல்லாமலே தாக்கல் செய்யும் வழி இருக்கிறது. ஆனால் வாடிக்கையாளரைச் சேர்த்துக்கொள்ள அவருடைய சம்மதம் வேண்டும். சம்மதம் ஓடிபியில் வரும். மறுபடியும் சிங்கப்பூருக்குப் போன் போட வேண்டியதுதான். அதனால் சின்ன ஆபீஸ்களில் இன்றும் நோட்டுப் புத்தகம்தான். ஊரில் பாதிப் பேருடைய பாஸ்வேர்டும், ஆதார் ஜெராக்ஸும் ஒரு மர பீரோவில் இருக்கிறது என்று நினைத்தால் எனக்கே தூக்கம் வராது. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இலேயே வந்துவிட்டது. அதை எடுத்துச் சொல்லி, பாஸ்வேர்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றால், அடுத்த வருஷம் அவரிடமும் இருக்காது.

இவ்வளவுக்கும் மேல் தேதி. 2021 ஜூன் 7 அன்று வருமான வரித் துறையின் புதிய இணையதளம் வந்தது. அது படுத்திய பாட்டில் நிதியமைச்சரே அதை உருவாக்கிய இன்போசிஸின் தலைமைச் செயல் அதிகாரியை அழைத்து விளக்கம் கேட்க வேண்டியதாயிற்று. கடைசித் தேதி தள்ளிப் போய்ப் போய் டிசம்பர் 31 ஆனது. 2025இல் படிவங்களை மாற்றியதால் ஜூலை 31 செப்டம்பர் 15 ஆனது. செப்டம்பர் 30 வரை நீட்டித்துவிட்டார்கள் என்று ஒரு பொய்ச் செய்தி வாட்ஸ்அப்பில் பறந்தது. துறை அதை மறுத்தது. மறுப்பை யார் பார்வேர்டு செய்வார்? 15ஆம் தேதி காலையில் வர வேண்டியவர்கள் வரவில்லை. "அதான் முப்பது வரைக்கும் டயம் இருக்கே" என்றவர்கள் எல்லோரும் டிவி பார்த்துவிட்டுச் சாயங்காலம் ஒன்றாக மாடியேறினார்கள். நள்ளிரவு நெருங்கும்போது ஒரே ஒரு நாள் நீட்டிப்பு. கூடவே, 16ஆம் தேதி நள்ளிரவு 12 மணியிலிருந்து 2.30 வரை தளம் பராமரிப்பில் இருக்கும் என்ற அறிவிப்பும். கொடுத்த ஒரு நாளிலேயே முதல் இரண்டரை மணி நேரத்தை அவர்கள் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அந்தத் தவணைக்குள் 7 கோடிக்கும் மேற்பட்ட கணக்குகள் தாக்கலாயின என்று துறை பெருமைப்பட்டுக்கொண்டது. மாடி அறைகளில் உட்கார்ந்து தட்டியவர்களைப் பற்றி அந்த அறிக்கையில் தேடிப் பார்க்காதீர்கள்.

2026 ஏப்ரல் 1 முதல் 1961ஆம் ஆண்டுச் சட்டம் போய் 2025ஆம் ஆண்டுச் சட்டம். 'முந்தைய ஆண்டு', 'மதிப்பீட்டு ஆண்டு' என்ற இரட்டைக் குழப்பம் ஒழிந்து 'வரி ஆண்டு' என்று ஒன்றே ஒன்று. அதை வரவேற்கிறேன், மனதார. ஆனால் 2025-26 வருமானத்துக்கான கணக்கு பழைய சட்டப்படிதான். பழைய நோட்டீஸ்களும் பழைய சட்டப்படி. ஆக, கொஞ்ச காலத்துக்கு இரண்டு புத்தகமும் மேஜையில் கிடக்கும். சட்டத்தை எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றட்டும், படித்துக்கொள்கிறேன். படிவமும் மென்பொருளும் ஏப்ரல் முதல் வாரத்தில் வந்துவிட வேண்டும், அறிவித்த தேதி நகரக் கூடாது. அவ்வளவுதான் நான் கேட்பது. தேதி நகரும் என்று அரசாங்கமே பழக்கிவிட்ட பிறகு, ஜூன் மாதமே வாருங்கள் என்று நான் சொல்வதை யார் கேட்பார்கள்?

ஜூன் 30க்குப் பிறகு வரும் பைலுக்கு இரட்டைக் கட்டணம் என்று கதவில் எழுதி ஒட்டியிருக்கிறேன். முந்திரி வியாபாரி நின்று நிதானமாகப் படித்துவிட்டுக் கேட்டார்: "இதுக்கு எக்ஸ்டென்ஷன் எப்ப சார் குடுப்பீங்க?"