கண்டி மன்னனை வீழ்த்தியது மக்கள் அல்லர்

கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் கொடுங்கோன்மை பொறுக்க மாட்டாத மக்களே அவனை அரியணையிலிருந்து இறக்கினர் என்ற கதை இரு நூற்றாண்டுகளைக் கடந்தும் உயிரோடிருக்கிறது. மேடைகளில் அது முழங்கப்படுகிறது. நாடகங்களிலும் திரைப்படங்களிலும் காட்டப்படுகிறது. சிலர் இன்னும் ஒரு படி மேலே சென்று, பிரான்ஸில் பதினாறாம் லூயி மன்னனுக்கு நேர்ந்ததே கண்டியிலும் நேர்ந்தது என்கின்றனர். அங்கே 1789, இங்கே 1815. அங்கே பாரிஸ் மக்கள், இங்கே மலைநாட்டு மக்கள் என்பது அவர்களது கணக்கு. அந்தக் கணக்கு பிழை என்பதே என் வாதம். அது வேண்டுமென்றே போடப்பட்ட பிழைக் கணக்கு என்பதையும், அதற்கான விலையை இன்றுவரை யாரோ செலுத்தி வருகின்றனர் என்பதையும் சேர்த்தே சொல்ல விரும்புகிறேன்.

பத்திரிகைத் தொழிலில் நான் கழித்த பல்லாண்டுகளில், மார்ச் 2ஆம் திகதி நெருங்கும்போதெல்லாம் கண்டி ஒப்பந்தம் பற்றிய கட்டுரையொன்று ஆசிரியபீடத்துக்கு வந்து சேரும். எழுதியவர் சிங்களத் தேசியவாதியாயின் அது ‘கொடிய அந்நிய மன்னன்’ என்று தொடங்கும். தமிழ்த் தேசியவாதியாயின் ‘வஞ்சிக்கப்பட்ட கடைசித் தமிழ் மன்னன்’ என்று தொடங்கும். இரண்டிலும் மக்களைக் காண முடியாது. மக்கள் அந்த ஆண்டுகளில் உண்மையில் என்ன செய்தார்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை.

முதலில் பிரான்ஸைப் பார்ப்போம். போர்களாலும் கடன்களாலும் அரச கருவூலம் வறண்டது. பிரபுக்களும் திருச்சபையும் பெரும்பாலான வரிகளிலிருந்து விலகி நிற்க, சுமை முழுவதும் சாமானியன் தலையில் விழுந்தது. 1788இல் விளைச்சல் பொய்த்து ரொட்டி விலை ஏறியது. 1614க்குப் பின்னர் கூட்டப்படாத மூன்று வகுப்பாரின் சபையை 1789 மே மாதத்தில் கூட்ட வேண்டிய நிலைக்கு மன்னன் தள்ளப்பட்டான். ஜூலை 14இல் பஸ்தில் கோட்டை வீழ்ந்தது. ஒக்டோபரில் பாரிஸின் பெண்கள் வெர்சாய் வரை நடந்து சென்று மன்னனைத் தலைநகருக்கு அழைத்து வந்தனர். 1791இல் நாட்டை விட்டுத் தப்ப முயன்ற மன்னன் வழியில் பிடிபட்டான். 1792 செப்டெம்பரில் குடியரசு பிரகடனமாயிற்று. 1793 ஜனவரி 21இல் அவன் தலை வெட்டப்பட்டது. பின்னர் நடந்த கொடுமைகளை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் ஒன்று தெளிவு: அந்த மன்னனைப் பிரெஞ்சு மக்களே எதிர்த்தனர், அவர்களது பிரதிநிதிகளே விசாரித்தனர், அவர்களே தண்டித்தனர். வேற்று நாட்டுப் படை எதுவும் வந்து அவனை இறக்கவில்லை. வந்த படைகள் அவனைக் காப்பாற்றவே வந்தன.

கண்டியில் நடந்தது என்ன?

பாரிஸின் புரட்சிக்கும் கண்டியின் வீழ்ச்சிக்கும் ஒரு தொடர்பு உண்டு. ஆனால் அது ஒப்பீட்டாளர்கள் சொல்லும் தொடர்பன்று. புரட்சிப் படைகள் 1795இல் ஒல்லாந்துக்குள் புகுந்தன. அதன் ஆட்சித் தலைவர் இங்கிலாந்துக்குத் தப்பியோடி, கியூ என்ற இடத்திலிருந்து, ஒல்லாந்தரின் குடியேற்றங்களை ஆங்கிலேயரின் பாதுகாப்பில் ஒப்படைக்குமாறு கடிதங்கள் எழுதினார். அதைச் சாட்டாக வைத்தே ஆங்கிலேயர் 1795இல் திருகோணமலையையும் 1796 பெப்ரவரியில் கொழும்பையும் கைப்பற்றினர். கண்டி இராச்சியத்தின் எல்லையில் ஆங்கிலேயன் வந்து நின்றது இவ்வாறுதான். மக்கள் ஆட்சி கேட்டு எழுந்த ஒரு புரட்சியின் அலை, நம் கரையில் ஏகாதிபத்தியத்தை ஒதுக்கிவிட்டுப் போயிற்று.

அடுத்து, ‘அந்நிய மன்னன்’ என்ற குற்றச்சாட்டு. 1739இல் வீர நரேந்திரசிங்கன் பட்டத்தரசி வழியில் வாரிசின்றி இறந்தபோது, மதுரையிலிருந்து வந்த அரசியின் சகோதரன் மன்னனானான். அந்த நாயக்கர் வம்சத்தில் நால்வர் 76 ஆண்டுகள் ஆண்டனர். அவர்களில் இரண்டாமவனான கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்திலேயே, 1753இல், சீயத்திலிருந்து பிக்குகள் வரவழைக்கப்பட்டு, இலங்கையில் அற்றுப்போயிருந்த உபசம்பதா மீண்டும் நிறுவப்பட்டது. இன்று மல்வத்தை, அஸ்கிரிய பீடங்கள் போற்றும் சீய நிக்காயத்துக்கு அரச ஆதரவளித்தவன் அந்த ‘அந்நியனே’. கண்ணுசாமி என்ற இளைஞனை 1798இல் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனாக அரியணையில் ஏற்றியவனும் சிங்களப் பிரதானியான பிலிமத்தலாவ மகா அதிகாரமே. தன் சொல்லுக்கு ஆடும் மன்னனை அவன் எதிர்பார்த்தான். மன்னன் ஆட மறுத்தான். பகை அங்கே தொடங்கியது.

1803ஐ எண்ணிப் பாருங்கள். தேசாதிபதி நோர்த்தின் படைகள் கண்டியைப் பிடித்து முத்துசாமி என்பவனை மன்னனாக அமர்த்தின. அந்த முத்துசாமியும் நாயக்கனே! மலபாரி ஆட்சியைக் கண்டி மக்கள் வெறுத்தனர் என்று 1815இல் எழுதிய ஆங்கிலேயர், பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் தாமே ஒரு மலபாரியைக் கொண்டுவந்து முடிசூட்டினர். அவனைக் குடிகள் ஏற்கவில்லை. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் மேஜர் டேவியின் காவற்படை மகாவலிக் கரையில் அழிக்கப்பட்டது. அந்தப் போரில் மலைநாட்டார் நின்றது ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் பக்கத்தில்.

மன்னன் நல்லவன் என்று நான் வாதிட வரவில்லை. கண்டி ஏரியையும் தலதா மாளிகையின் எண்கோண மண்டபத்தையும் எழுப்புவதற்கு இராஜகாரிய ஊழியத்தில் மக்கள் வருத்தப்பட்டனர், முணுமுணுப்பு இருந்தது. 1814இல் சப்ரகமுவையில் கலகம் செய்த எஹலப்பொல ஆங்கிலேயரிடம் தஞ்சம் புகுந்தபோது, மன்னன் அவனது மனைவியையும் குழந்தைகளையும் கொன்றான். எந்தக் காலத்து அளவுகோலாலும் அது மன்னிக்க முடியாத கொடுமை. ஆனால் கொடுமை நடந்தது என்பது வேறு, மக்கள் எழுந்தார்கள் என்பது வேறு. எஹலப்பொலவின் கலகம் பரவவில்லை. அதை மன்னனுக்காக அடக்கியவன் மொல்லிகொட. அடுத்த ஆண்டு அதே மொல்லிகொட ஆங்கிலேயருடன் சேர்ந்து ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டான்.

இடையில் ஓசையின்றி வேலை செய்தவர் ஜோன் டொய்லி. சிங்களம் கற்றுத் தேர்ந்த அந்த ஆங்கிலேய அதிகாரி, பிக்குகள் மூலமும் வணிகர்கள் மூலமும் ஆண்டுக்கணக்கில் கண்டிப் பிரதானிகளுடன் ஓலை பரிமாறினார். அவரே எழுதிய நாட்குறிப்பு 1917இல் அச்சேறியது. விரும்புவோர் படித்துப் பார்க்கலாம். பேரம், வாக்குறுதி, உளவு, அச்சம் எல்லாம் அதில் உண்டு. 1815 ஜனவரியில் தேசாதிபதி பிரவுண்றிக் போர் தொடுத்தார். பெப்ரவரி 14இல் படைகள் கண்டிக்குள் நுழைந்தன. பெரிய எதிர்ப்பில்லை, வழிகளைத் திறந்துவிட்டவர்கள் பிரதானிகள். 18ஆம் திகதி மெதமகாநுவரைப் பக்கம் மன்னன் பிடிபட்டான். மார்ச் 2இல் மகுல் மடுவவில் ஒப்பந்தம் வாசிக்கப்பட்டது. குடிமக்கள் அவனுக்காகப் போரிடவில்லை என்பது உண்மை. அவனுக்கெதிராக எழவில்லை என்பதும் உண்மை. ஆங்கிலேயப் படையும் பிரதானிகள் சிலரின் கையொப்பமும் சேர்ந்தால் அது மக்கள் புரட்சியாகிவிடுமா?

மக்கள் எழுந்தது அதற்குப் பின்னர்தான். 1817இல் ஊவாவில், வெல்லஸ்ஸ, பிந்தென்ன பகுதிகளில் கிளர்ச்சி மூண்டது. பதுளையிலிருந்து சென்ற அதிகாரி வில்சன் கொல்லப்பட்டார். அடக்குவதற்கு அனுப்பப்பட்ட கெப்பெட்டிபொல திசாவை, ஆங்கிலேயர் கொடுத்த ஆயுதங்களைத் திருப்பியனுப்பிவிட்டுக் கிளர்ச்சியாளருடன் சேர்ந்தான். கிளர்ச்சி மலைநாட்டின் பெரும் பகுதிக்குப் பரவியது. அதை அடக்க ஆங்கிலேயர் வீடுகளை எரித்தனர், நெல்லை அழித்தனர், கால்நடைகளைப் பறித்தனர். உள்ளூர் மக்களில் மாண்டோர் சுமார் 10,000 பேர் என்று அக்காலத்தில் இங்கிருந்த ஆங்கிலேய மருத்துவர் ஜோன் டேவி மதிப்பிட்டார். 1818 நவம்பர் 26இல் கெப்பெட்டிபொலவும் மடுகல்லவும் போகம்பரையில் சிரச்சேதம் செய்யப்பட்டனர். கெப்பெட்டிபொலவின் மண்டையோடு எடின்பரோவுக்குக் கொண்டு செல்லப்பட்டு, 1954இல்தான் நாடு திரும்பியது.

இந்தக் கிளர்ச்சி யாருடைய பெயரால் நடந்தது? வில்பாவே என்ற முன்னாள் பிக்கு, தான் நாயக்கர் வம்சத்து துரைசாமி என்று சொல்லிக்கொண்டு அரசுரிமை கோரினான். மக்கள் திரண்டது அந்தப் பெயரின் பின்னால்! நாயக்கரை வெறுத்து மன்னனைத் துரத்திய மக்கள், இரண்டே ஆண்டுகளில் நாயக்கன் என்ற பெயருக்காக உயிரைக் கொடுப்பார்களா? அவன் சிங்களவன், வேடதாரி என்பது பின்னர் அம்பலமாயிற்று. ஆனால் அவனுக்கு அந்த வேடம் தேவைப்பட்டது என்பதைவிடப் பெரிய சான்று எனக்குத் தேவையில்லை.

1848ஐயும் சேர்த்துப் பாருங்கள். அவ்வாண்டு பெப்ரவரியில் பாரிஸ் மக்கள் லூயி பிலிப் மன்னனைத் துரத்தினர். ஜூலையில் கண்டியிலும் மாத்தளையிலும் மக்கள் கொதித்தெழுந்தனர். துப்பாக்கிக்கு வரி, நாய்க்கு வரி, கடைக்கு வரி. அதற்கு மேல் ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை, இல்லையேல் பணம். 1840ஆம் ஆண்டுச் சட்டம் உறுதியில்லாத காணிகளை முடிக்குரியதாக்கிக் கோப்பித் தோட்டங்களுக்கு வழிவிட்டிருந்தது. காரணங்களைப் பார்த்தால் பாரிஸுக்கும் மாத்தளைக்கும் அதிக தூரமில்லை. ஆனால் பாரிஸ் மன்னனை அனுப்பிவிட்டுக் குடியரசு கேட்டது. மலைநாட்டார் தம்புள்ளை விகாரையில் கொங்காலேகொட பண்டாவுக்கு முடிசூட்டினர். புரன் அப்பு ஆகஸ்ட் 8இல் கொல்லப்பட்டான். ஆக, மலைநாட்டின் இரு பெரும் மக்கள் எழுச்சிகளும் மன்னனுக்கெதிரானவை அல்ல. மன்னன் வேண்டுமென்று அந்நிய ஆட்சிக்கெதிராக எழுந்தவை. மன்னன் என்பவன் அவர்களுக்கு விகாரையின் காவலன். காணி, ஊழியம், வழக்கு என்ற முழு ஒழுங்கின் அச்சாணி. அது கழன்றபோதுதான் இழந்தது என்னவென்று அவர்களுக்கு விளங்கியது.

பிறகு எதற்காக 1815ஐ மக்கள் தலையில் கட்டினர்? படையெடுத்தவனுக்கு நியாயம் வேண்டியிருந்தது. காட்டிக்கொடுத்தவனுக்கு மறைப்பு வேண்டியிருந்தது. இரண்டும் ஒப்பந்தத்தில் கிடைத்தன. மலபாரி இனத்தின் அரசுரிமை அற்றுப்போயிற்று என்கிறது அதன் இரண்டாம் பிரிவு. வெளியேற்றப்பட்ட மலபாரி ஆண்கள் அனுமதியின்றி மலைநாட்டுக்குத் திரும்பக்கூடாது என்கிறது மூன்றாம் பிரிவு. ஒரு மன்னன் மீதான குற்றச்சாட்டு, ஓர் இனத்தின் மீதான தீர்ப்பாக எழுதப்பட்டது. பிரான்ஸில் மன்னனை விசாரித்தவர்கள் அவன் குற்றங்களைப் பட்டியலிட்டார்கள். அவன் இனத்தை அன்று.

அந்தத் தீர்ப்பின் வாடை இன்றும் போகவில்லை. அதே ஆங்கிலேயர் பின்னர் தமிழ்நாட்டிலிருந்து ஆயிரமாயிரமாய்த் தொழிலாளரைக் கொண்டுவந்து அதே மலைகளில் குடியமர்த்தினர். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களது சந்ததியினரை நாடற்றவர்களாக்கியது. ஒப்பந்தத்திலிருந்து நேரே அந்தச் சட்டம் பிறந்தது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் மலைநாட்டில் தமிழ் பேசுபவன் வந்தேறி, அவனை ஒருமுறை மக்களே விரட்டியிருக்கிறார்கள் என்ற எண்ணத்துக்கு 1815ஐப் பற்றிய பொய் உரமிட்டது.

நம்மவருக்கும் ஒரு சொல். ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனைத் தமிழ்த் தேசியத்தின் கடைசி மன்னனாக்குவதும் இதே பிழையின் மறுபக்கமே. அவன் நாயக்கர் குலத்தவன். சிங்கள இராச்சியத்தின் மன்னன். புனித தந்தத்தின் காவலன். 1832 ஜனவரி 30இல் வேலூரில் சிறைவாசத்திலேயே இறந்தான். அவன் சமாதிக்கு மாலையிடுவோர் இடட்டும். ஆனால் அவன் ஆண்டது நமக்காகவும் அல்ல, அவன் வீழ்ந்தது நம்மாலும் அல்ல.

1815இல் அவனிடமிருந்து பறிக்கப்பட்ட சிங்கக் கொடியே 1948 பெப்ரவரி 4இல் சுதந்திர இலங்கையின் கொடியாக ஏறியது. 1951இல் பச்சையும் செம்மஞ்சளுமாக இரு பட்டிகள் சேர்க்கப்பட்டு இன்றும் அது பறக்கிறது. கொடியை ஏற்றுக்கொண்டவர்கள் அதை உயர்த்திய மன்னனை மட்டும் அந்நியன் என்று ஒதுக்குவது எவ்வகை நியாயம்? 1818இன் வீரர்களை இன்று நாடு கொண்டாடுகிறது, நல்லது. அவர்கள் யாருடைய பெயரால் எழுந்தார்கள் என்பதையும் பாடநூலில் ஒரு வரி எழுதட்டும். சிங்களப் பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, தமிழ்ப் பிள்ளைகளுக்கும் அந்த ஒரு வரி தேவை.