பூட்டிய வட்டும் வரிசை முறையும்

கணிப்பொறிப் பயிற்சியில் கட்டளைகளை மனப்பாடம் செய்விப்பது வழக்கமாகிவிட்டது; காரணத்தைக் கற்பிப்பதே முறை என்பது எம் கருத்து. லினக்ஸில், லக்ஸ் பூட்டுக்குள் எல்.வி.எம். தருக்கத் தொகுதிகள் அமைந்த வட்டினை எடுத்துக்கொள்வோம். இதனைப் பெரிதாக்குங்கால் வெளியிலிருந்து உள்நோக்கிச் செல்லவேண்டும்: வட்டுப் பகுதி, பூட்டு, பௌதிகத் தொகுதி, தருக்கத் தொகுதி, ஈற்றில் கோப்பு முறைமை. சிறிதாக்குங்கால் இவ்வரிசை தலைகீழாகும். கோப்பு முறைமையைக் குறுக்காது தருக்கத் தொகுதியைக் குறுக்கினால், முறைமையின் ஈற்றுப் பகுதி வெட்டுண்டு, ஓராண்டு மாணவர் பதிவேடோ கள ஆய்வுக் குறிப்போ அழிந்துபடலாம். பூட்டின் தலைப்பகுதி பழுதுற்றாலோ, கடவுச்சொல் அறிந்தவருக்கும் வட்டு திறவாது. ஆகவே, தலைப்பகுதியையும் தரவையும் வேறு வட்டில் படியெடுத்து வைத்த பின்னரே பணியைத் தொடங்குக. ஆசிரியர்கள் இதனையே முதற்பாடமாகப் புகட்டுவார்களாக.